எலுமிச்சை மஞ்சள், அரக்குக் கரை

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். ஏதோ தொடர் எடுக்கிறார்களாம், அதற்கு உடை வடிவமைப்பு அவள்தானாம். என் பெயரை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மேடம், எங்களுக்கு அந்தக் காலத்து லுக் வேணும்."

"எந்தக் காலம்மா?"

"பழைய காலம்தான் மேடம்."

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும் என்பது என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பழைய காலம் என்று ஒரு காலம் கிடையாது. ஜாக்கெட்டின் கை முழங்கை வரை வந்து இறுக்கிப் பிடித்த காலம் உண்டு. தோளில் பூரி மாதிரி உப்பி நின்ற காலம் உண்டு. கழுத்தை மூடிக் காலர் வைத்த காலம், முதுகில் முடிச்சுப் போட்ட காலம், நைலக்ஸ் வந்து பருத்தியை மூலையில் தள்ளிய காலம் என்று எத்தனையோ. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பழைய காலம் என்று பெயர் வைத்தால் எனக்கு எப்படி இருக்கும்? இருந்தாலும் சின்னப் பெண், ஆர்வமாகக் கேட்கிறாள் என்று பொறுத்துக்கொண்டேன்.

பேசிக்கொண்டே அவள் ஒரு படத்தை அனுப்பினாள். கறுப்பு வெள்ளைப் படம். ஒரு மொட்டைமாடி, பின்னால் மலை, மலை உச்சியில் தீபம், கைப்பிடிச் சுவரோரம் கும்பிட்டு நிற்கும் ஒரு பெண்.

"இந்த வெள்ளைப் புடவை மாதிரியே ஒண்ணு பண்ணணும் மேடம். இது ஐவரியா, ஆஃப் வைட்டா?"

அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு அந்தப் புடவையைக் கட்டிவிட்டவள் நான். அது வெள்ளை இல்லை.

நான் கீழ்பென்னாத்தூர்க்காரி. அப்பா மல்லாட்டை, நிலக்கடலைதான், பயிர் செய்தவர். எங்கள் ஊர்க் கொட்டகைக்குப் புதுப்படம் வராது. திருவண்ணாமலையில் ஓடித் தேய்ந்து, வேலூர் போய்த் திரும்பி, பிரிண்டில் கோடு கோடாக மழை பெய்த பிறகுதான் எங்களுக்கு வரும். அதனால் எனக்குப் பிடித்ததெல்லாம் நான் பிறப்பதற்கு முன்னால் எடுத்த படங்களாகவே அமைந்துவிட்டன. அதில் ஒரு படத்தில் வனஜாட்சி என்ற நடிகை இளம் விதவையாக வருவார். வெள்ளைப் புடவை, மெல்லிய கறுப்புக் கரை. மணலில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, நான் மட்டும் அந்தப் புடவையின் கொசுவம் நடக்கும்போது எப்படி விரிந்து மூடுகிறது என்று சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். "புருசன் செத்துக் கெடக்கறான், இவ சிரிக்கறா பாரு" என்று அம்மா தலையில் குட்டினாள். எனக்குத் துணிப் பைத்தியம் பிடித்தது அந்தக் குட்டிலிருந்துதான்.

தையல் வகுப்பில் சேர்ந்தது, சித்தப்பா மெட்ராஸில் ஒரு ஸ்டூடியோவில் லைட்மேனாக இருந்ததால் அங்கே காஸ்ட்யூம் பிரிவில் ஊக்கு தைக்கப் போனது, முதல் இரண்டு மூன்று வருஷம் இஸ்திரிப் புகையில் கண் எரிந்தது எல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான். அதைச் சொல்லி உங்களை அறுக்கமாட்டேன். எழுபதுகளின் நடுவில் ஹமீது மாஸ்டரிடம் போய்ச் சேர்ந்தேன். அதிலிருந்துதான் நான் வேலை செய்தவள் என்று கணக்கு.

ஆற்காட்டுக்காரர் அவர். ஒல்லியான ஆள். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. துணியை விரலால் தொட்டுப் பார்க்க மாட்டார், புறங்கையில் ஓடவிட்டுப் பார்ப்பார். விரல் ஊசி குத்திக் காய்த்துப் போயிருக்கும், அதற்குத் துணி தெரியாது என்பார். கோபம் வந்தால் கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பை எடுத்துச் சுருட்ட ஆரம்பிப்பார். முழுக்கச் சுருட்டி முடிப்பதற்குள் எதிரே நிற்பவர் தப்பை ஒப்புக்கொண்டுவிடுவார். பாராட்டு என்பது அவர் கடையில் கிடையாத சரக்கு.

ஒரு படத்தில், வெள்ளைக்காரன் காலத்துக் கதை, பெரிய நடிகை ஒருவர் முதுகில் ஜிப் வைத்த ஜாக்கெட்டோடு வந்து நின்றார். முந்தானை மூடிவிடும், யாருக்குத் தெரியப்போகிறது என்றார்கள். மாஸ்டர் டேப்பைச் சுருட்டினார். "கேமராவுக்குத் தெரியாதுங்கம்மா. உங்களுக்குத் தெரியும். ஜிப் போட்டவங்க மூச்சு விடறது வேற, ஊக்கு போட்டவங்க மூச்சு விடறது வேற" என்றார். அந்த அம்மா ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். நான் அன்றைக்கு உட்கார்ந்து ஊக்கு வைத்தேன்.

இன்னொன்றும் அவரிடம்தான் கற்றேன். கறுப்பு வெள்ளைப் படங்களில் வெள்ளைத் துணியை அப்படியே கேமரா முன்னால் கொண்டுபோக மாட்டார்கள். விளக்கு வெளிச்சத்தில் துணிதான் பளீரென்று தெரியும், முகம் கறுத்துப் போகும். அதனால் வெள்ளையை டீத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள், இல்லாவிட்டால் வெளிர் மஞ்சளோ வெளிர் நீலமோ கட்டிவிடுவார்கள். சிவப்பும் அரக்கும் கறுப்பாக விழும். இதை எத்தனையோ பேருக்கு நானே விளக்கியிருக்கிறேன். ஆனால் கொட்டகையில் பார்த்த அந்த ஒரு புடவைக்கு மட்டும் இந்தப் பாடத்தை நான் பொருத்திப் பார்த்ததே இல்லை. வெளுத்ததெல்லாம் பால் என்றே இருந்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு டைரக்டர் எங்களைக் கூப்பிட்டார். என்னைப் போலவே பழைய படப் பைத்தியம். வயதான நடிகை ஒருத்தி தன் இளமையை நினைத்துப் பார்க்கும் கதை. கதையின் உயிரே ஒரு காட்சிதான். திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம் ஏற்றும் நேரத்தில் அவள் மாடியில் நின்று மலையைப் பார்க்க வேண்டும். அதற்கு அவர் மனதில் வைத்திருந்தது வனஜாட்சியின் அந்த வெள்ளைப் புடவை. தமிழ்நாட்டில் படம் பார்க்கும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும் புடவை அது.

நான் அந்தப் பக்கத்துப் பெண் என்பதால், கரண்டு கம்பம் இல்லாமல் மலை முழுசாகத் தெரியும் மாடியாகத் தேடச் சொல்லி என்னை முன்கூட்டியே அனுப்பினார்கள். தெருத் தெருவாக ஏறி இறங்கினேன். ஒரு தெருக்கோடியில், யாத்திரைக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் ஒரு பழைய வீட்டின் கதவைத் தட்டினேன். ஒரு வயதான அம்மா திறந்தார்.

"பௌர்ணமிக்கு ரூம் எல்லாம் சொல்லிட்டாங்கம்மா. காலி இல்ல."

"ரூம் வேணாங்கம்மா. சினிமாவுக்காக மொட்டமாடியப் பார்க்கணும்."

அவர் முந்தானையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து இடுப்பில் செருகினார். அந்தச் செருகலை நான் மணலில் உட்கார்ந்து எத்தனை தடவை பார்த்திருப்பேன். முகம் மாறியிருந்தது, பல் இரண்டு போயிருந்தது, கை மாறவில்லை.

"நீங்க வனஜாட்சி அம்மாதானேங்க?"

"அப்படிக் கேட்டா இந்தத் தெருவுல யாருக்கும் தெரியாது. வெள்ளப் பொடவ அம்மா வூடுன்னு கேளு, கைக்கொழந்தகூடக் காட்டும்" என்றார்.

மாடியைப் பார்த்தேன். மலை மடியில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. கீழே இறங்கியதும், அந்தப் புடவை இப்போது எங்கே இருக்கும் என்று வாய் விட்டுக் கேட்டுவிட்டேன். அவர் உள்ளே போய், பழைய வேட்டியில் சுற்றிய ஒரு சுருளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். படம் முடிந்ததும் கம்பெனிக்காரர்களே கொடுத்துவிட்டார்களாம்.

பிரித்தேன். எலுமிச்சை பழுக்கத் தொடங்கும்போது பச்சை போய் ஒரு மஞ்சள் வருமே, அந்த மஞ்சள். பட்டு, அரக்குக் கரை. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன்.  கல்யாணத்துக்கு மறுநாள் கட்டிக்கொள்கிற மாதிரி ஒரு புடவையை, ஊரே சேர்ந்து விதவைப் புடவை என்று அழுதிருக்கிறோம்.

"இன்னா பாக்கற? மஞ்சதான்" என்றார் அவர். "அந்தப் படம் வந்தப்ப எனக்குக் கல்யாணம் பேசி வச்சிருந்தாங்க. மாப்பிள அம்மா போயிப் படம் பாத்துட்டு வந்தாங்க. வெள்ளப் பொடவையில பாத்த பொண்ண வூட்டுக்கு வெளக்கேத்தக் கூட்டிட்டு வரமாட்டேன்னுட்டாங்க. அதோட சரி. கட்டாத தாலிய அறுத்துட்டாங்க பொண்ணே."

அதன் பிறகு வந்ததெல்லாம் விதவை வேஷம். வேஷமும் நின்றபின் இங்கே வந்து வீடு வாங்கினார். பொட்டு வைத்துக்கொண்டு தெருவில் போனால் அதற்கும் ஒரு பேச்சு. வாதாடி அலுத்துப்போய், பொட்டை விட்டு, வெளிர்ச் சாயத்திலேயே கட்டப் பழகிக்கொண்டார். பக்கத்து வீட்டு மரகதத்தின் தங்கை கல்யாணத்துக்கு உறவுக்காரர்கள் தங்க நாலு அறையும் ஒழித்துக் கொடுத்தது இவர்தான். மாப்பிள்ளை அழைப்பு வரும் நேரத்தில் அந்த மரகதமே வந்து, தப்பாக நினைக்க வேண்டாம், கொஞ்ச நேரம் உள்ளேயே இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

"நீங்க எடுக்கறது கலர் படமா?" என்று கேட்டார்.

"ஆமாங்கம்மா."

"அப்ப மாடியும் தரேன், பொடவையும் தரேன். வாடக ஒண்ணும் வேணாம். இந்தக் கலர்லயே காட்டணும். வெள்ளையா ஒண்ணச் சுத்திக்கினு என் மாடியில எவளும் நிக்கக் கூடாது."

காட்டுகிறோம் என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம் இருந்தது? ஒன்றும் இல்லை. வாய் சொல்லிவிட்டது.

லாட்ஜில் டைரக்டரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் முதலில் ஆச்சரியப்பட்டார், அப்புறம் தலையை ஆட்டினார். "ஜனங்க மனசுல அது வெள்ளைம்மா. நான் மஞ்சளைக் காட்டினா யாருக்கு ஞாபகம் வரும்? வெள்ளைதான்."

"மாடியே தரமாட்டேங்கறாங்க சார்."

"சரின்னு சொல்லிடு. தீபத்தன்னிக்கி இருக்கற கூட்டத்துல அந்தம்மாவுக்கு என்ன தெரியப்போகுது? ஷாட் முடிஞ்சப்புறம் பேசிக்கலாம்."

மாஸ்டர் பக்கத்தில் நின்றார். பழைய படத்தில் தெரிந்த மாதிரியே ஒரு வெள்ளைப் பட்டுப் புடவையை, கறுப்புக் கரை வைத்துத் தயார் செய்யச் சொன்னார்கள். அவர் சரி என்று தலையை ஆட்டினார். நான் வெளியே வந்து வராந்தாவில் அவரை மடக்கினேன்.

"மாஸ்டர், நான் வாக்குக் குடுத்துட்டேன்."

"நீ எதுக்குக் குடுத்தே?"

"அவங்க வாழ்க்கையே அந்த வெள்ளையில போயிருக்கு மாஸ்டர்."

அவர் டேப்பைச் சுருட்டினார். "டைரக்டர் கேட்டதைத் தைக்கணும் தனம். அதான் நம்ம வேலை." அவ்வளவுதான். அந்த மனிதர் மேல் எனக்கு முதன்முதலாக வெறுப்பு வந்தது. வெள்ளைப் புடவைக்கு அவர் கரை பிடித்துத் தைத்த நாட்களில் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மனதுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தேன். வெள்ளைப் புடவை மாடி ஏறினால் அந்தம்மாவிடம் போய்ச் சொல்லிவிடுவது. சொன்னால் அவர் எல்லாரையும் இறக்கிவிடுவார். அடுத்த தீபம் அடுத்த வருஷம்தான். அதற்காகக் கம்பெனி காத்திருக்காது, காட்சியைப் பாழாக்கியவளை வேறு எந்தக் கம்பெனியும் வேலைக்கு வைக்காது. வீட்டில் அப்பா படுக்கையில் இருந்தார், என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. இதெல்லாம் தெரிந்தும் அந்த முடிவில்தான் இருந்தேன். 

தீபத்தன்று ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள். அதனால் நானும் கதாநாயகியும் காலையிலேயே நடந்து அந்த வீட்டுக்கு வந்துவிட்டோம். மஞ்சள் புடவை அங்கேதான் இருந்தது; அந்தம்மா அதை வீட்டை விட்டு வெளியே விடவில்லை. கேமரா மதியமே மாடியேறிவிட்டது. வெள்ளைப் புடவை இருந்த பெட்டியை மாஸ்டர் லாட்ஜிலிருந்து கொண்டுவர வேண்டும்.

தெரு நிரம்பிக்கொண்டே வந்தது. மாடியிலிருந்து பார்த்தால் தலைகள்தான், தரை தெரியவில்லை. முகப்பூச்சு முடிந்து கதாநாயகி உள்பாவாடை ஜாக்கெட்டோடு மேலே துண்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் வரவில்லை. டைரக்டர் நிமிஷத்துக்கு ஒரு தரம் படியிறங்கி வந்து, "எங்கம்மா உங்க மாஸ்டர்?" என்று என்னிடம் பாய்ந்தார். ஒவ்வொரு தடவை கதவு தட்டப்படும்போதும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பெட்டி வந்தால் நான் பேச வேண்டும். அந்தம்மாவோ ஒன்றும் அறியாமல் கதாநாயகியின் தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். "உனுக்கு மஞ்ச நல்லா எடுப்பா இருக்கும்" என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

சூரியன் மலைக்குப் பின்னால் சாய ஆரம்பித்தபோது மாஸ்டர் வந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் ஒன்றும் இல்லை.

"பெட்டி வரல சார். கூட்டத்துல கொண்டார முடியல."

டைரக்டர் கத்திய கத்தலை எழுத முடியாது. மாஸ்டர் தரையைப் பார்த்தபடி முழுவதையும் வாங்கிக்கொண்டார். "அப்ப இருக்கறதக் கட்டித் தொலைங்க" என்று சொல்லிவிட்டு டைரக்டர் மேலே ஓடினார். அந்தம்மா என்னைப் பார்த்தார். என்ன பெட்டி, எதற்குச் சத்தம் என்று அவர் கேட்கவில்லை. புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். வேட்டிச் சுருளை எடுத்து என் கையில் கொடுத்தார்.

பழைய பட்டைக் கட்டுவது புதுப் பட்டைக் கட்டுவது மாதிரி இல்லை. இழுக்கக் கூடாது, உதறக் கூடாது. கட்டிக்கொள்பவர் அசையாமல் நிற்க, நாம்தான் சுற்றி வர வேண்டும். ஒரு சுற்று வந்து இடுப்பில் செருகினேன். கொசுவம் எடுத்தேன். கடைசி மடிப்பைப் பிடித்தபோது ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த இலையை மிதித்த மாதிரி மெல்லிய சத்தம். இடுப்புக்குக் கீழே, பழைய மடிப்பு இருந்த இடத்தில், ஒரு சாண் நீளத்துக்குப் பட்டு விட்டுப்போயிருந்தது.

 அழுதுவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். மாஸ்டர் என்னை நகர்த்திவிட்டு முழங்கால் போட்டு உட்கார்ந்தார். கிழிசலைப் புறங்கையில் வைத்துப் பார்த்தார்.

"அடியில மெத்துன்னு ஒரு துணி வேணும். புதுசு வேணாம், புதுசு இழுக்கும்."

அந்தம்மா அந்தப் புடவையைச் சுற்றி வைத்திருந்த வேட்டியையே பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுத்தார். துவைத்துத் துவைத்து வெண்ணெயாகியிருந்த துணி. அதைக் கிழிசலுக்கு அடியில் கொடுத்தோம். நூலுக்கு எங்கே போவது? புடவையின் உள்முனையில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், அதன் சொந்த இழையையே உருவினார் மாஸ்டர். இரண்டு இழையைச் சேர்த்து மெழுகுவர்த்தியில் ஓட்டி என்னிடம் நீட்டினார்.

"நீ தை. என் கண்ணுக்கு இந்த வெளிச்சம் பத்தாது. இழுக்காத, படுக்க வை."

உடுத்திய துணியில் ஊசி போடக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். எங்கள் தொழிலில் அது நடக்காத நாளே கிடையாது. அதற்குப் பரிகாரமாகக் கதாநாயகியின் வாயில் ஒரு நூல் துண்டைக் கடிக்கக் கொடுத்தார் அந்தம்மா. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிழிந்த இரு ஓரத்தையும் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றாமல், பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, அடித்துணியோடு குறுக்கும் மறுக்கும் ஓட்டினேன். மேலே டைரக்டரின் குரல், தெருவில் ஜனங்களின் இரைச்சல். நெற்றி வியர்வை துணியில் விழாமல் மாஸ்டர் தன் கைக்குட்டையால் என் நெற்றியை ஒற்றி எடுத்துக்கொண்டே இருந்தார். கொசுவத்தின் ஒரு மடிப்பைத் திருப்பித் தையல் மேல் போட்டேன்.

"படியேறும்போது பெரிய அடி வைக்காதம்மா" என்று மாஸ்டர் கதாநாயகியிடம் சொன்னார். அவள் ஏறினாள். நான் பின்னாலேயே கொசுவத்தைத் தாங்கிக்கொண்டு ஏறினேன்.

டைரக்டர் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறந்தார். அந்த நேரம் கோயில் பக்கமிருந்து அரோகரா கிளம்பியது. கோயிலில் தொடங்கித் தெருத் தெருவாக ஏறி எங்கள் மாடிக்கு வந்தது. மலையுச்சியில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்து பெரிதாகியது. கேமரா ஓடத் தொடங்கியது. அவள் கைகூப்பினாள். மலைக்குப் பின்னால் இருந்த சிவப்பும் எங்கள் விளக்கின் வெளிச்சமும் சேர்ந்து அந்தப் புடவையில் விழுந்தபோது, இத்தனை வருஷமும் ஒரு சுருளுக்குள் பூட்டிக் கிடந்த மஞ்சள் எழுந்து நின்றது. ஊரே மலையைப் பார்த்தது, நான் தையலைப் பார்த்தேன். அது விடவில்லை.

கேமராவுக்குப் பின்னால் அந்தம்மா நின்றிருந்தார். தீபத்துக்குக் கும்பிடக்கூட மறந்து அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதான். நான் இப்டித்தான் இருந்தேன்" என்றார். யாரிடமும் இல்லை, தனக்குத்தானே.

மறுநாள் காலை சாமான் கட்டும்போது மாஸ்டரின் கட்டிலுக்கடியில் அந்தப் பெட்டி இருந்தது. வைத்த இடத்திலேயே இருந்தது; அதன் மேல் அவர் காயப்போட்ட துண்டுகூட நகரவில்லை. நான் பெட்டியைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன்.

"கூட்டம் ஜாஸ்தி தனம்" என்றார். டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவரிடம் நான் பேசாமல் இருந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். படம் திருவண்ணாமலைக்கு வந்தபோது நான் லீவு போட்டுவிட்டுப் போய் அந்தம்மாவைத் தியேட்டருக்கு அழைத்துப் போனேன். தலை வாரி, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு சின்னதாகப் பொட்டு வைத்து வந்திருந்தார். இடைவேளைக்குப் பிறகு நடிகை தன் இளமையை நினைக்கத் தொடங்கினாள். திரை கறுப்பு வெள்ளைக்கு மாறியது.

பழைய நினைவு என்றால் கறுப்பு வெள்ளையில் இருந்தால்தான் ஜனங்களுக்குப் புரியும் என்று கடைசி நேரத்தில் முடிவு செய்துவிட்டார்களாம். இதை அப்புறம்தான் கேள்விப்பட்டேன். மாடி வந்தது, மலை வந்தது, தீபம் வந்தது. புடவை வெள்ளையாக இருந்தது. கரை கறுப்பாக இருந்தது. எங்களுக்குப் பின்வரிசையில் ஒரு பெண், "அந்த வெள்ளப் பொடவ எவ்ளோ அழகா கீது பாரேன்" என்றாள். எனக்குத் திரையைக் கிழித்துவிடலாம் போல இருந்தது. அந்தம்மாவின் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

வீடு வரும்வரை நான்தான் டைரக்டரைத் திட்டிக்கொண்டு வந்தேன். அந்தம்மா வாசலில் நின்று சாவியைத் தேடினார்.

"வுடு பொண்ணே. சினிமா என்ன ஒருவாட்டி வெளுத்துச்சி. இன்னொருவாட்டியும் வெளுத்துட்டுப் போவட்டும். பொடவ எங்கிட்டதான கீது?"

கதவைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் கட்டற மாதிரி தெச்சிக் குடுப்பியா?"

வேலைக்கு நடுவே கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் உட்கார்ந்து, அந்தப் புடவை முழுவதற்கும் அடியில் வாயல் என்கிற மெல்லிய பருத்தித் துணி கொடுத்துத் தைத்தேன். என் வாழ்க்கையில் கேமராவுக்காக இல்லாமல் நான் செய்த பெரிய வேலை அதுதான். அவர் காலத்துக்குப் பிறகு புடவை என்னிடம் வந்தது. நானும் வேலையை விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்கே வந்துவிட்டேன். நேற்று அந்தச் சென்னைப் பெண்ணுக்குப் போன் செய்தேன். ஐவரியும் இல்லை, ஆஃப் வைட்டும் இல்லை, பகல் வெளிச்சத்தில் வந்து பார் என்று சொல்லியிருக்கிறேன். வந்தால் புடவையைக் காட்டலாம். புடவையைத் தைத்துக் கொடுத்தபின் வந்த முதல் தீபத்தன்று அவர் மாடியில் நின்று நான் பார்த்ததை எப்படிக் காட்டுவது?

அன்றைக்கு அந்தத் தெருவில் ஒரு மாடிகூடக் காலியில்லை. தீபத்தன்று எல்லாரும் மாடியில்தான் நிற்பார்கள், மலையில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டு விளக்கை ஏற்றுவார்கள். அந்தம்மா படியேறி வந்தார். எலுமிச்சை மஞ்சள், அரக்குக் கரை, முந்தானை ஓரம் இரண்டு விரலால் பிடித்துச் செருகியபடி. நெற்றியில் பொட்டு இல்லை. தியேட்டருக்கு வைத்து வந்ததோடு அந்தத் தைரியம் போய்விட்டது போலிருக்கிறது. மலையில் தீபம் தெரிந்ததும் கைப்பிடிச் சுவர் மேல் வரிசையாக வைத்திருந்த அகல்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். அடுத்த மாடிகளில் தலைகள் மலையை விட்டு எங்கள் பக்கம் திரும்புவது தெரிந்தது. 

பக்கத்து மாடியிலிருந்து மரகதம் சுவரோரம் வந்தாள். கையில் தட்டு. பொரி உருண்டை, வெற்றிலை, குங்குமச் சிமிழ்.

"இன்னா பெரிம்மா, புதுப் பொடவையா?"

"புதுசு இல்ல. பழசு. நீ பாத்ததுதான்."

மரகதம் புடவையைப் பார்த்தாள். கரையைப் பார்த்தாள், செருகிய முந்தானையைப் பார்த்தாள்.  அவள் எந்தப் படத்தை நினைத்துப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"அது மஞ்சளா?" என்றாள்.

"மஞ்சதான்."

மரகதம் சுவருக்கு மேலே கையை நீட்டி, பொரி உருண்டையைத் தள்ளி, குங்குமச் சிமிழ் அந்தம்மாவின் பக்கம் வருகிற மாதிரி தட்டைத் திருப்பினாள். அந்தம்மாவின் விரல் சிமிழுக்குள் போய்வர வெகு நேரம் ஆனது. வைத்துக்கொண்ட பொட்டு கோணலாக இருந்தது. நான் சரிசெய்யவில்லை.